பெட்டியைத் திறக்க விடாத கடை: ரிச்சி தெருவில் வாங்கிய ஒரு மதர்போர்டு குறித்து

கணினி, மின்னணுப் பொருள் கடைகளின் சந்தையான சென்னை ரிச்சி தெருவை ஒட்டிய சந்து ஒன்றில், முதல் மாடியில் இருக்கும் இந்தக் கடைக்கு விலை, சரக்கு, விற்பனையாளரின் பொருளறிவு ஆகிய மூன்றை மட்டும் வைத்து மதிப்பெண் போடச் சொன்னால் தாராளமாகவே போடுவேன். ஆனால் விற்ற பொருள் பழுதாக இருந்து, அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி எழும்போது கடை நடந்துகொள்ளும் விதத்தையும் சேர்த்துப் பார்த்தால், மதர்போர்டு (கணினியின் உதிரிப்பாகங்கள் எல்லாம் பொருந்தும் மையப் பலகை) வாங்க நினைப்பவர் இங்கே படியேறுவதற்கு முன் ஒரு முறை யோசிப்பது நல்லது. கடையின் பெயரை எழுதவில்லை. இதே வழக்கத்தை அந்த வட்டாரத்தின் பல கடைகளில் பார்த்திருக்கிறேன் என்பதால், ஒரு பெயரைச் சொல்லி மற்றவற்றைத் தப்பவிடுவது சரியாக இருக்காது.

அந்தச் சந்தையின் வியாபாரம் எப்படி நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பின்னால் வரும் தகராறைப் புரிந்துகொள்ள அது தேவைப்படும். அண்ணா சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ரிச்சி தெரு, நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும் தெருக்களில், ஆள் ஒருவர் நின்றால் நிறைந்துவிடும் அளவுள்ள கடைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை எல்லாச் சரக்கையும் கையிருப்பில் வைத்திருப்பதில்லை. வாடிக்கையாளர் ஒரு மாடலைக் கேட்டவுடன் கடைக்காரர் இரண்டு மூன்று இடங்களுக்குத் தொலைபேசியில் பேசி விலை கேட்கிறார். கடைப்பையன் ஒருவர் ஓடிப்போய்ப் பக்கத்துக் கடையிலிருந்தோ மொத்த வியாபாரியின் கிடங்கிலிருந்தோ பெட்டியைக் கொண்டுவருகிறார். பில் மட்டும் நாம் நிற்கும் கடையின் பெயரில் போடப்படுகிறது. விலை குறைவாக இருப்பதற்கு இந்த ஏற்பாடே முக்கியக் காரணம் என்பதால் அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பெட்டி யார் யார் கை மாறி வந்தது என்பது நமக்குப் பில் போடும் கடைக்காரருக்கே தெரியாமல் போகக்கூடும் என்பது இதன் மறுபக்கம்.

நான் வாங்கியவை ஒரு ப்ராசசர் (கணினியின் மூளையான சிப்), அது உட்காரும் எல்ஜிஏ 1700 வகைச் சாக்கெட் கொண்ட மதர்போர்டு, டிடிஆர்5 வகை ரேம் (தற்காலிக நினைவகம்) இரண்டு. போர்டின் விலை 14,000 ரூபாய்க்குச் சற்று மேல். இணையத்தில் அன்றைக்கு இருந்த விலையைவிட ஏறக்குறைய 1,000 ரூபாய் குறைவு. விற்பனையில் இருந்தவர் விஷயம் தெரிந்தவர். நான் முதலில் கேட்ட போர்டில் மின்சாரத்தைச் சீராக்கும் பகுதிக்கு வெப்பம் தணிக்கும் தகடு இல்லை என்பதை அவராகவே சுட்டிக்காட்டி, அதைவிடச் சில நூறு ரூபாய் கூடுதலான வேறொன்றைப் பரிந்துரைத்தார். அதிக விலைக்கு விற்கும் தந்திரமாக அது எனக்குத் தோன்றவில்லை, உண்மையாகவே அது நல்ல ஆலோசனை. பில் இல்லாமல் வாங்கினால் இன்னும் குறைத்துத் தருவதாக ஒரு பேச்சு வந்தது. மறுத்ததும், 18 சதவீத ஜிஎஸ்டியுடன் வரிசை எண்கள் குறிப்பிட்ட முறையான பில் கிடைத்தது. இதுவரை எல்லாம் சரி.

பணம் கொடுக்கும் முன், பெட்டியைத் திறந்து சாக்கெட்டை ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். “பாக்ஸ் பிரிச்சா எங்களுக்கு ரிட்டர்ன் போகாது சார், வீட்ல போய்ப் பாருங்க, ஏதாவது இருந்தா நாங்க இருக்கோம்” என்றார் கடை உரிமையாளர். பில்லின் அடியிலோ, விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது, எரிந்தது, உடைந்தது, சாக்கெட்டின் பின் (ஊசி போன்ற தொடர்புமுனை) வளைந்தது ஆகியவற்றுக்கு வாரண்டி இல்லை, வாரண்டி முழுவதும் உற்பத்தியாளரைச் சேர்ந்தது என்ற மூன்று வரிகள் அச்சிடப்பட்டிருந்தன. திறந்து பார்க்கக் கூடாது என்ற வாய்மொழி விதியையும், பின் வளைந்திருந்தால் பொறுப்பில்லை என்ற அச்சு விதியையும் சேர்த்துப் படித்தால் என்ன பொருள் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பார்க்க முடியாத ஒரு குறைக்கு, பார்க்க விடாதவர் பொறுப்பேற்க மாட்டார் என்பதே அது. இந்த மதிப்புரையில் எனக்குச் சொல்வதற்கு இருக்கும் ஒரே குற்றச்சாட்டும் இதுதான். மற்றவை எல்லாம் இதிலிருந்து கிளைத்தவை.

பின் வளைவது ஏன் இவ்வளவு பெரிய விவகாரம் என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். பழைய வகை ப்ராசசர்கள் சிலவற்றில் ஊசி போன்ற பின்கள் ப்ராசசரின் அடியிலேயே இருக்கும். போர்டில் துளைகள் மட்டும் இருக்கும். எல்ஜிஏ வகையில் இது தலைகீழ். ப்ராசசரின் அடிப்பக்கம் தட்டையான பொன்முலாம் பூசிய புள்ளிகள் மட்டுமே. அவற்றைத் தொட்டு நிற்கும், வில் போல வளைந்து கொடுக்கும் மெல்லிய பின்கள் போர்டின் சாக்கெட்டில் இருக்கின்றன. எல்ஜிஏ 1700 என்ற பெயரில் உள்ள எண்ணே அந்தத் தொடர்புமுனைகளின் எண்ணிக்கை. ப்ராசசர் தயாரிக்கும் இன்டெல் மட்டுமின்றி, 2022இல் ஏஎம்5 சாக்கெட்டைக் கொண்டுவந்த ஏஎம்டியும் இந்த முறைக்கு மாறிவிட்டது. அதில் 1718 முனைகள். ஒரு விரல் நுனியோ, துணியின் நூலோ, சாய்வாக விழுந்த ப்ராசசரின் முனையோ பட்டால் போதும், சில பின்கள் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு போர்டும் சாக்கெட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடியுடன் வருகிறது. வாரண்டிக்காகப் போர்டைத் திருப்பி அனுப்பும்போது அந்த மூடியையும் பொருத்தி அனுப்ப வேண்டும் என்று உற்பத்தியாளர்கள் வற்புறுத்துகிறார்கள். மூடியைத் தூக்கி எறிந்துவிடுகிறவர்கள் ஏராளம். எறியாதீர்கள்.

இன்னொரு முக்கியமான விவரம்: ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி இன்றைய ப்ராசசர்களில் ப்ராசசரின் உள்ளேயே இருக்கிறது. எனவே ரேம் செருகும் இடங்களிலிருந்து வரும் தடங்கள் அனைத்தும் சாக்கெட்டின் பின்கள் வழியாகத்தான் ப்ராசசரைச் சென்றடைகின்றன. ரேம் தொடர்பான ஒரே ஒரு பின் சரியாகத் தொடாவிட்டால்கூட, ஒரு பக்கத்து ரேம் தெரியாமல் போகலாம். அல்லது அந்தப் பக்கத்தில் ரேம் இருந்தால் கணினி துவங்காமலே நின்றுவிடலாம். எனக்கு நேர்ந்தது அதுவே. நான்கு இடங்கள் கொண்ட போர்டில் இரண்டு ரேம் போடும்போது இரண்டாவது, நான்காவது இடங்களில் செருக வேண்டும் என்பது பொது வழிகாட்டுதல். அப்படிச் செருகியதும் போர்டில் உள்ள ரேம் எச்சரிக்கை விளக்கு எரிந்து நின்றுவிட்டது. ஒற்றை ரேமை இரண்டாவது இடத்தில் வைத்தால் கணினி ஒழுங்காகத் துவங்கியது. அதே ரேமை நான்காவது இடத்தில் வைத்தால் துவங்கவில்லை. மற்றொரு ரேமை வைத்துப் பார்த்தபோதும் இதே நிலை. அதே ப்ராசசரையும் இரண்டு ரேமையும் அலுவலக நண்பர் ஒருவரின் போர்டில் பொருத்தியபோது எல்லாம் முழுமையாக வேலை செய்தன. ஆக, ரேமும் ப்ராசசரும் விலக்கப்பட்டு, குற்றம் போர்டின் மேல் நின்றது. கைபேசி வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்து உருப்பெருக்கிக் கண்ணாடியில் சாக்கெட்டைப் பார்த்தால், வயல் நாற்று போல ஒரே வரிசையாக மினுங்க வேண்டிய பின்களில் ஒரு மூலையில் மட்டும் மூன்றோ நான்கோ சாய்ந்து இருட்டாகத் தெரிந்தன.

பின்கள் வளைந்திருப்பதைப் பற்றி எனக்கும் கடைக்காரருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எப்போது வளைந்தது என்பதுதான் வழக்கு. ப்ராசசரை நான் பொருத்தினேன் என்பதால் நான்தான் வளைத்திருப்பேன் என்பது அவர் தரப்பு. மேலோட்டமாகப் பார்த்தால் அது நியாயமாகவே தோன்றும். ஆனால் அந்தப் போர்டில் வேறொரு அடையாளமும் இருந்தது. நான் சோதனை செய்தபோது போர்டைக் கேபினட்டில் (கணினியின் வெளிக்கூட்டில்) மாட்டவே இல்லை; அதன் அட்டைப்பெட்டியின் மேல் வைத்தே இயக்கிப் பார்த்தேன். அப்படியிருந்தும், போர்டைக் கேபினட்டோடு இணைக்கும் ஓரத் துளைகளில் இரண்டைச் சுற்றி, திருகாணியின் தலை அழுந்திச் சுழன்ற வட்டத் தழும்பு தெளிவாகத் தெரிந்தது. ப்ராசசரைக் குளிர்விக்கும் கூலரைப் பொருத்தும் துளைகள் சாக்கெட்டைச் சுற்றி வேறாக இருக்கின்றன. அவற்றோடு இதற்குத் தொடர்பில்லை. அதாவது, அந்தப் போர்டு என்னிடம் வருவதற்கு முன்னரே ஏதோ ஒரு கேபினட்டில் மாட்டப்பட்டுக் கழற்றப்பட்டிருக்கிறது. பெட்டி பிரிக்கப்படாமல் இருந்ததே என்று கடையில் கேட்டார்கள். மதர்போர்டுப் பெட்டிகள் பலவற்றில் கிழித்தால் மட்டுமே திறக்கும் முத்திரை என்று எதுவும் இருப்பதில்லை. மடித்துச் செருகிய மூடி மட்டுமே. உள்ளே இருக்கும் நிலைமின் தடுப்புப் பையின் ஒட்டுத்தாளைச் சேதமின்றி எடுத்து மீண்டும் ஒட்டிவிடலாம்.

இந்தத் தழும்பை உரிமையாளரிடம் காட்டியபோது அவர் உற்றுப் பார்த்தார், மறுக்கவில்லை, ஆனால் அதைப் பற்றி எதுவும் பேசவும் இல்லை. “பின் வளைஞ்சா கம்பெனி எடுக்காது சார், நாங்க என்ன பண்ண முடியும்” என்ற ஒரே வாக்கியத்தை வெவ்வேறு தொனியில் திரும்பத் திரும்பச் சொன்னார். பெட்டியைத் திறக்கும்போது வீடியோ எடுத்தீர்களா என்று கேட்டார். அப்படி எடுக்க வேண்டும் என்று பில்லில் இல்லை, வாங்கும்போது யாரும் சொல்லவும் இல்லை, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் அப்படியொரு நிபந்தனை கிடையாது. பிறகு, பக்கத்தில் சிப் லெவல் சர்வீஸ், அதாவது போர்டின் நுண்பாகங்களைப் பழுதுபார்க்கும் வேலை, செய்பவர் ஒருவர் இருக்கிறார், சில நூறு ரூபாயில் பின்களை நிமிர்த்தித் தந்துவிடுவார் என்று ஒரு யோசனையை முன்வைத்தார். திறமையான கைகள் அதைச் செய்யும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தத் தெருவில் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஒரு முறை வெளியாள் கை வைத்துவிட்டால் உற்பத்தியாளரின் வாரண்டியும் போய்விடும், வந்த நிலையில் போர்டு எப்படி இருந்தது என்பதற்கான சான்றும் அழிந்துவிடும். இதே யோசனை உங்களுக்கும் சொல்லப்பட்டால் ஏற்க வேண்டாம் என்பேன்.

அடுத்தது சர்வீஸ் சென்டர். இறக்குமதி செய்து விநியோகிக்கும் நிறுவனங்களின் வழியாகவே இந்தியாவில் பல போர்டுகளுக்கு வாரண்டி சேவை நடக்கிறது. உற்பத்தியாளரின் நேரடி அலுவலகத்தை நாம் பார்ப்பது அரிது. அங்கே போர்டை வாங்கியதும் முதலில் பார்ப்பது வரிசை எண்ணை, அடுத்தது சாக்கெட்டை. பின் வளைந்திருந்தால் வேலைச்சீட்டில் சி.ஐ.டி. என்று எழுதிவிடுகிறார்கள், வாடிக்கையாளரால் நேர்ந்த சேதம் என்பதற்கான தொழில்வட்டாரக் குறியீடு அது. எந்த வாடிக்கையாளரால், எப்போது என்று அந்தச் சீட்டில் இடமில்லை. திருகாணித் தழும்பைச் சீட்டில் குறிப்பிடுமாறு கேட்டேன். மேசையில் இருந்தவர் மரியாதையாகவே மறுத்துவிட்டார். கடையோ அந்தச் சீட்டைக் கையில் வாங்கியதும் தன் தரப்பை நிரூபித்துவிட்டதாக எடுத்துக்கொண்டது. பின் வளைந்திருக்கிறது என்பதைச் சொல்லும் தாள், யார் வளைத்தது என்பதைத் தீர்ப்பளித்த தாளாகிவிட்டது.

இந்த இடத்தில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்பது பயனுள்ளது. கடைக்காரர்கள் எண்ணுவதைவிட அது வாங்குபவருக்குச் சாதகமாகவே இருக்கிறது. 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், விற்பனையாளர் பொருளை ஒப்படைக்கும்போது, வாங்குபவர் கேட்டால், அதைப் பரிசோதிக்க நியாயமான வாய்ப்பளிக்கக் கடமைப்பட்டவர் என்று 41ஆம் பிரிவில் கூறுகிறது. அந்த வாய்ப்புக் கிடைக்கும்வரை வாங்குபவர் பொருளை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்பட மாட்டார். அதே சட்டத்தின் 16ஆம் பிரிவு, ஒரு வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் வாங்கும் பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லாமலே அடங்கிய நிபந்தனையாக வைக்கிறது. அதற்கு ஒரு விலக்கும் உண்டு: வாங்குபவர் பொருளைப் பரிசோதித்திருந்தால், அந்தப் பரிசோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைகளுக்கு அந்த நிபந்தனை பொருந்தாது. இந்த விலக்கைத் தனக்குச் சாதகமாகப் பயன்படுத்த வேண்டிய கடைக்காரர், பெட்டியைத் திறக்க விடாமல் அதைத் தானே கைநழுவ விட்டுவிடுகிறார் என்பது விசித்திரம். மேசையிலேயே மூடியைத் தூக்கிக் காட்டி, பார்த்துவிட்டேன் என்று பில்லில் ஒரு கையெழுத்து வாங்கியிருந்தால், அதற்குப் பிறகு வளைந்த பின்னைப் பற்றி நான் எதையும் கேட்டிருக்க முடியாது.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 அன்று நடைமுறைக்கு வந்தது. பழுதான பொருளை விற்ற பிறகு, பில்லில் குறித்த காலத்துக்குள், அப்படி எதுவும் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதை நேர்மையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாக அது பட்டியலிடுகிறது. பில் தராமல் விற்பதும் அதே பட்டியலில் இருக்கிறது. விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று அச்சிட்டுவிட்டால் எல்லாப் பொறுப்பும் முடிந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இதற்குப் பிறகு பெரிய ஆதாரம் இல்லை. பழுதைச் சோதனையின்றித் தீர்மானிக்க முடியாத நிலையில், பொருளின் மாதிரியை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பி அறிக்கை பெறவும், நுகர்வோர் புகார்களை விசாரிக்கும் மாவட்ட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. பொருளின் மதிப்பு 5 லட்சம் ரூபாய்வரை இருந்தால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும், கடை எங்கே இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. வெளியூரிலிருந்து வந்து ரிச்சி தெருவில் வாங்கிச் செல்பவர்களுக்கு, வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யும் சலுகை மிக முக்கியமானது.

பயன்படுத்தியவரே காரணம் என்று சொல்லும் பழக்கம் இந்தச் சந்துக் கடைகளோடு நின்றுவிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2022 அக்டோபரில் என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4090 என்ற கிராபிக்ஸ் அட்டை வெளிவந்த சில வாரங்களிலேயே, அதன் புதுவகை மின் இணைப்பான் உருகுவதாகப் புகார்கள் வந்தன. இணைப்பான் முழுமையாகச் செருகப்படாததே பொதுவான காரணம் என்று நிறுவனம் நவம்பரில் அறிவித்தது. அதாவது, குறை செருகியவரிடம். ஆனால் அதே அறிவிப்பில், எந்த இணைப்புக் கம்பியைப் பயன்படுத்தியிருந்தாலும் மாற்றுக் கோரிக்கைகளை விரைந்து கவனிப்பதாகவும் சொன்னது. பிறகு, முழுமையாகச் செருகாவிட்டால் மின்சாரம் பாய விடாதபடி இணைப்பை உணரும் முனைகளைக் குட்டையாக்கிய திருத்தப்பட்ட இணைப்பான் வந்தது. பயனர் தவறு செய்தார் என்பது உண்மையாகவே இருந்தாலும், அந்தத் தவறுக்கு எளிதில் இடம் கொடுத்தது வடிவமைப்புதான் என்பதைத் தொழில்துறை செயலில் ஒப்புக்கொண்டது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை ப்ராசசர் விவகாரம் இதைவிடவும் பாடமானது. விளையாட்டுகள் பாதியில் நின்று, காட்சி நினைவகம் போதவில்லை என்ற செய்தி வந்தபோது மக்கள் கிராபிக்ஸ் அட்டையைச் சந்தேகித்தார்கள். பிறகு மதர்போர்டுகளின் மின் அமைப்புகள்மீது பழி விழுந்தது. கடைசியில் 2024 ஜூலையில், தன் ப்ராசசர்களின் மைக்ரோகோடு (ப்ராசசரின் உள்ளே இயங்கும் அடிப்படைக் கட்டளைத் தொகுப்பு) அளவுக்கு மீறிய மின்னழுத்தம் கேட்பதே காரணம் என்று இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில், பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு வாரண்டியை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. அந்த இடைக்காலத்தில், ப்ராசசரில் கோளாறு இருக்கவே முடியாது, வேறு எதையாவது மாற்றிப் பாருங்கள் என்ற பதிலைக் கேட்டுத் திரும்பியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். கணினியின் உதிரிப்பாகங்கள் ஒன்றையொன்று சார்ந்து இயங்குபவை. ஒன்றின் குறை இன்னொன்றின் நோயாகத் தெரியும். அதனால்தான் பழுதை ஒவ்வொன்றாக விலக்கிக் காட்டிய பிறகே கடைக்குப் போக வேண்டும். வெறும் கணினி வேலை செய்யவில்லை என்ற புகாருடன் போனால், அந்த இடத்திலேயே நாம் தோற்றுவிடுவோம்.

என் தகராறுக்குத் திரும்புகிறேன். கடை ஒரு கட்டத்தில் பாதி விலையைத் தள்ளிப் புதுப் போர்டு தருவதாகச் சொன்னது. பலர் இந்த இடத்தில் ஏற்றுக்கொண்டு ஒதுங்கிவிடுகிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை, அவரவர் நேரத்துக்கு அவரவர்தான் விலை வைக்க முடியும். ஆனால் பாதி தருகிறேன் என்பது, பாதித் தவறு உன்னுடையது என்பதையும் சேர்த்தே சொல்கிறது. நான் மறுத்து, 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தில் தமிழிலேயே பேசிப் புகார் பதிவு செய்தேன். அது நீதிமன்றம் அன்று. வழக்குக்கு முந்தைய சமரச முயற்சி மட்டுமே. யாருக்கும் உத்தரவிடும் அதிகாரம் அதற்கு இல்லை. பெரிய நிறுவனங்கள் பல அதனுடன் ஒப்பந்த அடிப்படையில் இணைந்திருப்பதால் அவற்றின் மீதான புகார்கள் விரைவில் நகர்கின்றன. இப்படிப்பட்ட சிறு கடைக்கு அதன் மின்னஞ்சல் எந்த அளவுக்கு உறைக்கும் என்பது சந்தேகமே. அதனால் புகார் எண், பில் நகல், தழும்பு தெரியும் படங்கள், எந்த ரேமை எந்த இடத்தில் செருகியபோது என்ன நடந்தது என்ற ஒரு பக்கக் குறிப்பு ஆகியவற்றுடன், குறிப்பிட்ட காலத்துக்குள் தீர்வு கிடைக்காவிட்டால் மாவட்ட ஆணையத்துக்குச் செல்வேன் என்ற கடிதத்தையும் விரைவு அஞ்சலில் அனுப்பினேன்.

கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு உரிமையாளரே அழைத்தார். குரல் மாறியிருந்தது. “அது நம்ம ஸ்டாக்கே இல்ல சார், பின்னாடி கடையில இருந்து எடுத்துக் கொடுத்தது, அவங்ககிட்ட பேசிட்டேன், வாங்க மாத்திக்கலாம்” என்றார். அந்தப் பெட்டியைத் திறந்தால் திருப்பியனுப்ப முடியாது என்று முதல் நாள் சொன்னதன் முழுப்பொருள் அப்போதுதான் விளங்கியது: அவர் பயந்தது உற்பத்தியாளருக்கு இல்லை, பின்னால் இருக்கும் இன்னொரு கடைக்கு. யாரோ ஒருவர் திருப்பித் தந்த போர்டு அங்கே மீண்டும் அலமாரி ஏறியிருக்கலாம். அதை அந்தக் கடை கவனிக்கவில்லையா, கவனித்தும் விட்டுவிட்டதா என்பது அவர்களுக்குள் தீர்த்துக்கொள்ள வேண்டிய கணக்கு. எனக்குப் பில் போட்டவர் இவர். பொருளுக்குப் பணம் வாங்கியவர் இவர். ஆகவே பதில் சொல்ல வேண்டியவரும் இவரே. சரக்கு யாருடையது என்ற தகவலை அவர் பில் போட்ட அன்றே சொல்லியிருந்தால் விலையைக் கூடக் குறைத்துப் பேசியிருப்பேன்.

கடை உரிமையாளரின் நிலையையும் எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு போர்டில் அவருக்கு மிஞ்சும் லாபம் சில நூறு ரூபாய். ஒரு போர்டு கைமேல் நின்றுவிட்டால் பல போர்டுகளின் லாபம் போய்விடும். தானே பின்னை வளைத்துவிட்டு, வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது என்று சாதிக்கும் வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள். அவர் சொன்ன சில கதைகள் நம்பும்படியாகவே இருந்தன. விநியோகஸ்தரோ, பின் வளைந்த போர்டைக் கடையிடமிருந்தும் ஏற்பதில்லை. ஆக மேலிருந்து கீழ்வரை ஒவ்வொருவரும் தன் சுமையை அடுத்தவர் தோளுக்கு மாற்றிக்கொண்டே வந்து, கடைசியில் கேள்வி கேட்கத் தெரியாதவர் தலையில் இறக்கிவிடுகிறார்கள். இதை ஒரு கடைக்காரர் தனியாகச் சரிசெய்துவிட முடியாது. ஆனால் மேசையின் மேல் பெட்டியைத் திறந்து காட்டுவது அவர் கையில் மட்டுமே இருக்கிறது. அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

மாற்றுப் போர்டை வாங்கப் போனபோது, இந்த முறை இங்கேயே திறந்து பார்ப்பேன் என்றேன். பில் போடும் பெண் தயங்கினார், உரிமையாளர் தலையசைத்தார். மூடியைத் தூக்கி, வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்து, இருவரும் பார்த்தோம். இரண்டு மூன்று நிமிட வேலை. துளைகளில் தழும்பு இல்லை, பின்கள் வரிசையாக இருந்தன, வரிசை எண் பெட்டியிலும் போர்டிலும் ஒன்றாகவே இருந்தது. வீட்டில் இரண்டு ரேமும் முதல் முயற்சியிலேயே தெரிந்தன. பழைய பில்லிலேயே புதிய வரிசை எண்ணைக் கையால் திருத்தித் தர முயன்றார்கள். வாரண்டி கேட்கும் நாளில் அது செல்லாது என்று சொல்லிப் புதுப் பில் வாங்கிக்கொண்டேன்.

இப்போதும் எஸ்எஸ்டி (சேமிப்பகம்), ரேம், மானிட்டர், எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி) போன்றவற்றுக்கு இந்தக் கடையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். விலை நியாயமானது, ஆலோசனை நம்பத்தக்கது, பில் கேட்டால் கிடைக்கிறது. மதர்போர்டுக்கு மட்டும், பெட்டியைத் திறந்து பார்க்க ஒப்புக்கொண்டால் வாங்குங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் கீழே இறங்கிவிடுங்கள். அதே தெருவில், விற்கும் முன் சாக்கெட்டைத் தாங்களே படம்பிடித்து, அந்தப் படத்தை வாடிக்கையாளரின் எண்ணுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிட்டுப் பில் போடும் கடை ஒன்று இருக்கிறது. அங்கே அதே போர்டு 300 ரூபாய் கூடுதல். என் தம்பிக்கு அடுத்த போர்டை அங்கேதான் வாங்கினேன்.